வீட்டு வண்டியில் தேசியப் பூங்காக்களுக்கு: முதற்பயணத்துக்கு முன் திட்டமிட வேண்டியவை

சிகிச்சை முடிந்து உடல் சற்றுத் தேறியதும் பலரும் தயங்கித் தயங்கி மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இனி வெளியூர் போகலாமா?” அந்த வெளியூர் இப்போது பழனியாகவோ குற்றாலமாகவோ மட்டும் இருப்பதில்லை. பிள்ளைகள் அமெரிக்காவில் பணிபுரியும் குடும்பங்களில், பெற்றோர் அங்குச் செல்லும் வேளையில் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவரும் ஆசை இயல்பாகவே எழுகிறது. நோயுற்றவருக்கு இது ஏற்றதா, ஏற்றதாயின் எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டு வண்டி என்பது என்ன?

படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனை நாம் அறிவோம். அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் வண்டியும் அவ்வகையினதே. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, குளியலறை ஆகியவை வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். பகலில் ஓட்டிச் சென்று, இரவில் அதற்கென ஒதுக்கப்பட்ட முகாம் தளத்தில் நிறுத்தி உறங்குவது வழக்கம்.

நோயருக்கு இதனால் விளையும் முதல் நன்மை கழிப்பறை. சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர், புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீரை அடக்க இயலாதோர், வயிற்றில் ஸ்டோமா பை பொருத்தப்பட்டோர் ஆகியோர் பயணத்தையே தவிர்ப்பதற்குக் கழிப்பறை பற்றிய அச்சமே பெரும்பாலும் காரணம். வீட்டு வண்டி அந்த அச்சத்தைப் போக்குகிறது. இரண்டாவது நன்மை உணவு. உப்புக் குறைத்த குழம்பையும் குழைந்த கஞ்சியையும் வேளை தவறாமல் சமைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஒவ்வோர் இரவும் விடுதி மாறிப் பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு தவறான எண்ணத்தைத் தொடக்கத்திலேயே களைந்துவிட வேண்டும். வண்டியில் படுக்கை இருப்பதால் நோயர் படுத்துக்கொண்டே பயணம் செய்யலாம் என்று பலர் கருதுகின்றனர். அது கூடாது. வண்டி ஓடும்போது ஒவ்வொருவரும் இருக்கையில் அமர்ந்து பட்டை அணிந்திருக்க வேண்டும். திடீரென வேகத்தடையை அழுத்தினால், படுத்திருப்பவரும் நின்றிருப்பவரும் தூக்கி எறியப்படுவர். ஆகவே, ஒருவரால் எத்தனை மணி நேரம் வலியின்றி உட்கார முடியும் என்பதே நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கான அளவுகோல். இரண்டு மணி நேரமே உட்கார முடியுமெனில், அன்றைய பயணமும் இரண்டு மணி நேரமே.

மருத்துவரிடம் பேச வேண்டியவை

வண்டியையும் விமானச் சீட்டையும் பதிவு செய்வதற்கு முன், நாளைக் குறித்து மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரில் பலருக்கு, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்திருக்கும். அந்நாட்களில் சிறு காய்ச்சலும் அவசரநிலையே. மருந்துக்கு மருந்து இது வேறுபடுமாதலால், தங்களுக்குரிய பாதுகாப்பான வாரம் எது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அமர்ந்திருப்பது கால் நரம்புகளில் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பை மிகுவிக்கும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்கும் புற்றுநோயாளர்க்கும் இவ்வாய்ப்பு மேலும் கூடுதல். இந்தியாவிலிருந்து நீண்ட விமானப் பயணம் முடித்தவுடன் வண்டியில் ஏறாமல், சில நாட்கள் பிள்ளைகளின் வீட்டில் தங்கி ஓய்வெடுப்பது நல்லது. சாலையில் செல்லும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் இறங்கிச் சிறிது நடக்க வேண்டும்.

அடுத்தது உயரம். இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை உள்ளோர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அமெரிக்க மேற்குப் பகுதியின் பூங்காக்கள் பல மிக உயரமானவை. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி. அதாவது நம் கொடைக்கானலின் உயரம். பிரைஸ் கேன்யன் பூங்காவின் ரெயின்போ பாயின்ட் 9,115 அடி. இது நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தையும் விஞ்சியது. ராக்கி மலைப் பூங்காவின் டிரெயில் ரிட்ஜ் சாலையோ 12,000 அடியைத் தாண்டுகிறது. கொடைக்கானலிலும் உதகையிலும் மூச்சு வாங்கியவர் அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அது பயனுள்ள தகவல். விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் விமானத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம், பூங்காவில் நடக்கிறோம். ஒன்றைத் தாங்கியவர் மற்றதையும் தாங்குவார் என்று முடிவு செய்துவிடலாகாது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

வாடகை வண்டிகள் மூவகை. பேருந்து போன்று பெரியவை ‘ஏ’ வகை. வேன் அளவில் சிறியவை ‘பி’ வகை. ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருப்பவை ‘சி’ வகை. முதற்பயணக் குடும்பங்கள் பெரும்பாலும் 22 முதல் 28 அடி நீளமுள்ள ‘சி’ வகையையே எடுக்கின்றன. ‘பி’ வகை ஓட்ட எளிதெனினும், கழிப்பறையும் குளியலும் ஒரே சிறு அறையாக இருக்கும். துணைக்கு ஒருவர் உள்ளே நிற்க இடமிராது.

விலையைப் பார்ப்பதற்கு முன் நான்கு அளவுகளைக் கேட்டறியுங்கள். ஏறும் படிகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம்? கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? தரையோடு தாழ்ந்த படுக்கை இருக்கிறதா, அதன் இரு பக்கமும் அணுக முடியுமா? பட்டையுள்ள இருக்கைகள் எத்தனை? படுக்கை ஆறு பேருக்கு இருந்தாலும் பட்டை நான்கு பேருக்கே இருக்கக்கூடும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர், பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை நேரில் ஏறி இறங்கிப் பார்ப்பது மிக நல்லது. சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள வண்டிகள் வாடகைக்கு அரிதாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பல மாதங்கள் முன்பே தேட வேண்டும்.

வாடகைத் தொகை என்பது மொத்தச் செலவன்று. ஓடும் மைலுக்குக் கட்டணம், ஜெனரேட்டர் ஓடும் மணிக்குக் கட்டணம், காப்பீடு, படுக்கை விரிப்பு, பாத்திரங்கள் எனப் பலவும் சேரும். ஒரு கேலன் எரிபொருளுக்கு 8 முதல் 12 மைல் வரைதான் இவை ஓடும். நோயருள்ள குடும்பம் யாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது பயணத்தை ரத்து செய்யும் விதி. கடைசி வாரத்தில் உடல்நிலை மாறினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். பணம் போய்விடுமே என்ற எண்ணத்தால் காய்ச்சலுடன் புறப்பட்டுவிடும் நிலை எவருக்கும் நேரக்கூடாது.

ஒரு வழித்திட்டம்

முதன்முறை செல்வோர் செய்யும் பிழை, பத்து நாளில் ஐந்து பூங்காக்களைக் காண முயல்வது. நோயருடன் செல்வோருக்கு இரண்டு பூங்காக்களே போதும். நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் பத்து இரவுத் திட்டம் ஒன்றைக் காண்போம்.

முதல் இரவு லாஸ் வேகஸிலேயே ஒரு முகாம் தளத்தில் தங்குங்கள். தண்ணீர்க் குழாயை இணைப்பது, மின்சாரத்தைச் சொருகுவது, கழிவுநீரை அகற்றுவது ஆகியவற்றைக் கடைகளும் மருத்துவமனைகளும் அருகிலிருக்கும்போதே பழகிக்கொள்ளலாம். பின்னர் ஏறத்தாழ 160 மைல் தொலைவிலுள்ள ஸயான் தேசியப் பூங்காவில் மூன்று இரவுகள். இதன் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 4,000 அடி உயரமே. ஆதலால் உடல் மெல்லப் பழகும். வழியிலுள்ள செயின்ட் ஜார்ஜ் நகரில் பெரிய மருத்துவமனை உண்டு. பூங்காவினுள் ஓடும் இலவசப் பேருந்துகளில் சக்கர நாற்காலியுடன் ஏறலாம். பா’ரஸ் என்னும் நடைபாதை ஆற்றோரமாகத் தளமிடப்பட்டது; தடியூன்றி நடப்பவரும் செந்நிறப் பாறைச் சுவர்களைக் கண்குளிரக் காணலாம்.

அடுத்து அரிசோனாவின் பேஜ் நகரில் இரண்டு இரவுகள். இது ஸயானுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் இடையிலுள்ள ஊர். பவல் ஏரியின் கரையில் அமைந்தது. சிறு மருத்துவமனையும் இங்குண்டு. காரில் செல்வோர் ஒரே நாளில் கடக்கும் வழியை இவ்வாறு இரண்டாகப் பிரிப்பதே நோயருக்கு ஏற்றது. அதன்பின் கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் மூன்று இரவுகள். விளிம்போரப் பாதையில் தளமிட்ட பகுதிகள் உள்ளன. ஹெர்மிட் சாலை ஆண்டின் பெரும்பகுதியில் பொது வாகனங்களுக்கு மூடியிருக்கும். நடக்க இயலாதோர் உள்ள குடும்பங்களுக்கு அதில் சொந்த வாகனத்தில் செல்ல இலவச அனுமதிச் சீட்டு உண்டு. பூங்கா அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். திரும்பும் வழியில் கிங்மேன் நகரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் லாஸ் வேகஸ் சேரலாம்.

பிரைஸ் கேன்யன் பக்கத்தில்தானே, அதையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். அதன் விளிம்பு 8,000 முதல் 9,000 அடி வரை உயரமுள்ளது. இதயமும் நுரையீரலும் நலமாக இருப்பின் சேர்த்துக்கொள்ளலாம். அன்றேல் விட்டுவிடுவதே நன்று.

காலம் பற்றியும் ஒரு சொல். கோடையில் ஸயானின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைக் கடக்கும். குளிர்காலத்தில் தென் விளிம்பில் பனி பெய்யும். ஏப்ரல் இறுதி முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரையும் இதமானவை.

இவ்வழியில் மருந்து வேளையைக் குழப்பும் ஒரு நுட்பம் உண்டு. கோடை மாதங்களில் நெவாடாவைவிட யூட்டா மாநிலத்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். அரிசோனாவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எனவே அங்கு நெவாடாவின் நேரமே இருக்கும். கைப்பேசி தானாகவே முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருக்கும். மாத்திரைகளுக்கென ஒரு கைக்கடிகாரத்தை லாஸ் வேகஸ் நேரத்தில் வைத்து, பயணம் முடியும்வரை அதையே பின்பற்றுங்கள்.

மின்சாரமும் மருந்தும்

வண்டியின் விளக்குகளும் தண்ணீர்ப் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும். குளிர்விப்பானுக்கும் சுவர்ச் சொருகிகளுக்கும் முகாம் தளத்தின் மின் இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும். பூங்கா முகாம்களில் ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு; இரவில் இயக்கக் கூடாது; சில தளங்களில் முற்றிலும் தடை. ஆகவே, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காக சி-பாப் கருவி அணிவோரும், ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோரும் மின் இணைப்புள்ள தளத்தையே பதிவு செய்ய வேண்டும். ஸயானின் வாட்ச்மேன் முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் உள்ளன. கிராண்ட் கேன்யனில் மாதர் முகாமில் மின் இணைப்பு இல்லை. அருகிலுள்ள டிரெய்லர் வில்லேஜ் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உண்டு. இவ்விடங்கள் வெகு விரைவில் நிரம்பிவிடும். வாட்ச்மேன், மாதர் முகாம்களுக்கு முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கிறது.

அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட். இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லும் நெபுலைசரில் ‘220–240’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், சொருகியை மாற்றினாலும் அது சரிவர இயங்காது. ‘100–240’ என்றிருந்தால் இயங்கும். புறப்படுமுன் கருவியின் அடியிலுள்ள குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வண்டியின் குளிர்சாதனப் பெட்டி வீட்டுப் பெட்டியைப் போன்று சீரானதன்று. பின்சுவரை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, மருந்தை நடுத்தட்டில் வையுங்கள். எரிவாயுவில் இயங்கும் பெட்டிகள், வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிர்விக்கா; எனவே சமதளத்தில் நிறுத்துங்கள்.

மருந்துகளைப் பயண நாட்களுக்கும் மேலாக இரண்டு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். இந்திய மருத்துவர் எழுதிய சீட்டைக் கொண்டு அங்குள்ள மருந்துக் கடையில் மருந்து வாங்க இயலாது. எடுத்துச் செல்லும் மருந்து அதன் உறையுடனும், சீட்டுடனும், கைப்பையிலேயே இருக்கட்டும்.

தீ குறித்து மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே சிறு அறையில் அடுப்புப் பற்றவைப்பது பேராபத்து. ஆக்சிஜன் தொடர்ந்து தேவைப்படுவோர் உள்ள வண்டியில் அடுப்பையே பயன்படுத்தாமல், மின் இணைப்பில் நுண்ணலை அடுப்பைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. வண்டியைப் பெறும்போதே கார்பன் மோனாக்சைடு, எரிவாயு, புகை ஆகியவற்றை உணர்த்தும் கருவிகளை அழுத்திச் சோதித்துப் பாருங்கள்.

கழிவுநீர் இரு தொட்டிகளில் சேரும்: குளியல், பாத்திர நீர் ஒன்றில், கழிப்பறை நீர் மற்றொன்றில். அவற்றை அதற்குரிய இடத்தில் மட்டுமே திறந்துவிட வேண்டும். இப்பணியை நோயர் செய்யலாகாது. செய்பவர் கையுறை அணிந்து, முடித்தபின் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டவரின் கழிவில் சில நாட்கள் மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால், இதில் கூடுதல் கவனம் தேவை. குடிப்பதற்கு வண்டித் தொட்டியின் நீரைத் தவிர்த்து, புட்டி நீரையோ கொதித்தாறிய நீரையோ கொடுங்கள்.

சாலை விதியும் கட்டணமும்

பெரிய வண்டி எல்லாப் பாதையிலும் செல்ல முடியாது. ஸயானின் மவுன்ட் கார்மெல் சுரங்கப்பாதை 1930-இல் அக்கால வண்டிகளுக்காகக் குடையப்பட்டது. உயரமும் அகலமும் மிகுந்த வண்டிகளுக்கு அங்குக் கட்டுப்பாடு உண்டு. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் ‘கோயிங் டு தி சன்’ சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதியில்லை. வண்டியின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் எதிரில் ஒட்டிவையுங்கள். புறப்படும் வாரத்தில் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அன்றைய விதியைப் பாருங்கள்.

அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் நிரந்தர உடற்குறை இருந்தால், வாழ்நாள் முழுதும் செல்லும் ‘ஆக்சஸ் பாஸ்’ கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பல முகாம்களில் பாதிக் கட்டணச் சலுகையும் கிட்டும். 62 வயது நிறைந்தோர்க்கு வேறொரு வாழ்நாள் சீட்டு உண்டு. இங்கிருந்து விருந்தினராகச் செல்லும் பெற்றோருக்கு இவை பொருந்தா. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதோருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். அச்சீட்டு இல்லாதோர் கிராண்ட் கேன்யன், ஸயான் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துடன் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இதையும் வரவு செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரம் நேர்ந்தால்

அவசர உதவி எண் 911. ஆனால் பூங்காக்களின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. ஒவ்வோர் இரவும் தங்குமிடத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனை எது, எத்தனை மைல் என்பதைத் தாளில் எழுதிவையுங்கள். நோயின் பெயர், நடந்த சிகிச்சை, மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, இரத்த வகை, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் தொடர்பு ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். அதன் ஒரு படி நோயரின் பையிலும் மற்றொன்று ஓட்டுநரிடமும் இருக்கட்டும்.

பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அல்லது திடீரெனத் தீவிரமடைந்தால் மட்டும் ஓரளவு ஏற்கப்படும். ஒப்பந்தத்தின் அப்பகுதியை முழுதும் படித்த பின்பே பணம் செலுத்துங்கள்.

உடன் செல்வோருக்கு

இத்தகைய பயணத்தில் முதலில் சோர்ந்துபோவது பெரும்பாலும் நோயர் அல்லர், அவரைப் பேணுபவரே. பகலெல்லாம் பெரிய வண்டியை ஓட்டி, மாலையில் குழாய் இணைத்து, இரவில் மருந்து கொடுத்து, நள்ளிரவில் கழிப்பறைக்குத் துணை நிற்கும் கடமைகள் ஒருவர் தலையிலேயே விழக்கூடாது. ஓட்டுபவர் வேறு, இரவில் விழித்திருப்பவர் வேறு என்று புறப்படுமுன்னரே பிரித்துக்கொள்ளுங்கள். அவ்வாறு பிரிக்க ஆளில்லையெனில், வீட்டு வண்டியை விடுத்து, காரில் சென்று பூங்கா விடுதியில் தங்குவதே அறிவுடைமை. அதே பள்ளத்தாக்கும் அதே சூரியோதயமும் அங்கும் உண்டு.

பேணுபவர் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நோயரிடம் கேளாமலே அவருக்காகத் திட்டமிடுவது நம் இல்லங்களில் வழக்கம். எதைக் காண விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், முடியாவிட்டால் திரும்பலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு ஒவ்வொரு காலையிலும் இருக்கட்டும். நம்மால் எல்லோருக்கும் தொல்லை என்ற எண்ணம் அவரை மௌனமாக்கிவிட்டால், வலியை மறைத்துக்கொண்டு உடன் வருவார். அதன் விளைவு நள்ளிரவில் தெரியவரும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, அருகிலுள்ள ஊருக்கு இரண்டு நாள் காரில் சென்று வாருங்கள். எத்தனை மணி நேரம் உட்கார முடிந்தது, உறக்கம் எப்படி இருந்தது, எந்த மருந்தை எடுக்க மறந்தோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். போகலாமா என்ற கேள்விக்கு மருத்துவர் பொதுவாக அன்றி, தங்களுக்கென்றே விடை கூற அது உதவும்.